வரிசையைக் கலைக்கச் சொல்லும் வள்ளல்கள்



மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள்! அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியா மாநிலத்திலே பள்ளி ஆசிரியர் எவரும் அந்த நாளை மறப்பதில்லை. பிறந்த நாளை மறப்பார். மணநாளை மறந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். மார்ச்சு 15-ஐ மட்டும் மறவார். ஏனெனில், "வரும் கல்வியாண்டில் உமக்கு இங்கே வேலையில்லை" என்று சொல்லக் கருதும் பள்ளி வாரியம், அந்த நாளுக்குள் அதை எழுத்திலே தந்தாக வேண்டும். பின்னர், ஆசிரியர் கேட்டால் விசாரணை. அதன் பிறகு மே 15-க்குள் முடிவான அறிவிப்பு. காலம் தவறினால் வாரியத்தின் கை கட்டப்பட்டுவிடும். ஆசிரியரை அனுப்ப இயலாது.

இளஞ்சிவப்புச் சீட்டு என்பது அந்தக் கடிதத்துக்கு மக்கள் வைத்த பெயர். பெயரிலே ரோஜாவின் நிறம், உள்ளேயோ முள்! 2009 மார்ச்சிலே அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் கையிலே அது வந்து விழுந்தது. 2008-இல் வங்கிச் சீமான்கள் ஆடினர் சூதாட்டம். தோற்றது அரசின் கருவூலம். பணயமாக வைக்கப்பட்டது பள்ளிக்கூடம்! மார்ச்சு 13, வெள்ளிக்கிழமையன்று, ஆசிரியர்கள் இளஞ்சிவப்பு உடை அணிந்து வீதிகளில் திரண்டு நின்றனர். ஆடையின் நிறமே அன்று முழக்கமாயிற்று.

சரி, சீட்டு யாருக்கு முதலில் போகும்? இதுதான் இன்றைய பேச்சு.

கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டம் இதற்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறது. ஊதியம் பெற்று முதன்முதலாகப் பணிபுரிந்த நாள் எதுவோ, அதுவே ஆசிரியரின் பணிமூப்பு நாள். பின்னே வந்தவர் முன்னே போவார். முன்னே வந்தவர் கடைசியில் போவார். நிரந்தர ஆசிரியர் ஒருவர் கற்பிக்கத் தகுதியும் சான்றும் பெற்றிருக்கும் வேலையில், அவரினும் இளையவர் ஒருவரை வைத்துக்கொண்டு, மூத்தவரை அனுப்பக் கூடாது. ஒரே நாளில் சேர்ந்தவர் இருவரெனில், மாவட்டத்தின் தேவையையும் மாணவர்களின் தேவையையும் அளவுகோலாக்கி முடிவு செய்ய வேண்டும். அந்த அளவுகோல் என்னவென்று ஆசிரியர் கேட்டால், எழுதித் தர வேண்டும். தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இன்றியமையாதவர் என்று மெய்ப்பித்தால், இளையவரை நிறுத்திக்கொள்ளவும் சட்டமே வழி விட்டிருக்கிறது. ஆகவே, "கண்மூடித்தனமான வரிசை" என்று கூவுவோர், கண்ணைத் திறந்து சட்டத்தைப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

இந்த வரிசைக்கு மறுபாதி ஒன்று உண்டு. அதைப் பற்றி வள்ளல்கள் பேசுவதே இல்லை. அனுப்பப்பட்டவர் மீண்டும் அழைக்கப்பெறும் உரிமை! நிரந்தர ஆசிரியருக்கு 39 மாதம். தகுதிகாண் பருவத்தினருக்கு 24 மாதம். அந்தக் காலத்துக்குள் இடம் பிறந்தால், மூத்தவர் முதலாக வரிசைப்படி அவர்களைத்தான் முதலில் அழைக்க வேண்டும். பணியில் நீடித்தவர்மீது சுமத்தாத புதிய நிபந்தனை எதையும் அழைக்கப்பட்ட நிரந்தர ஆசிரியர்மீது சுமத்தக் கூடாது. வெளியே இருந்த காலம் விடுப்பாகக் கருதப்படும். பணித் தொடர்ச்சி அறுந்துபோகாது. திரும்பி வரும்போது பழைய மூப்பு, பழைய நிலை. அழைப்பு வந்த நேரத்தில் வர இயலாத சூழ்நிலையா? ஒரு கல்வியாண்டு வரை "இப்போது வேண்டாம்" எனலாம், உரிமை போகாது. இடையிலே பதிலி ஆசிரியர் வேலை வந்தால் அதுவும் முதலில் இவர்களுக்கே. அறுபது பள்ளி நாட்களுக்குள் இருபத்தொரு நாள் அப்படிப் பணிபுரிந்தால், கூலிக்கு வந்தவரின் ஊதியமன்று, மீண்டும் பணியில் அமர்ந்திருந்தால் என்ன பெறுவாரோ அதற்குக் குறையாத ஊதியம்.

நாடகக்காரன் ஆதலால் எனக்கு இதன் அருமை நன்கு விளங்குகிறது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு நான் முதன்முதலாக வேடம் கட்டிய குழு, மழைக்காலம் வந்ததும் கலைக்கப்பட்டது. "தை பிறந்ததும் ஆள் அனுப்புகிறேன்" என்றார் முதலாளி. தை பிறந்தது, குழுவும் கூடிற்று, ஆள்தான் வரவில்லை. போய்ப் பார்த்தேன். என் வேடத்திலே, பாதிச் சம்பளத்துக்கு, ஒரு பையன்! அவன்மீது எனக்குச் சினமில்லை. அடுத்த தையிலே அவன் கதையும் அதுவாகத்தான் இருந்திருக்கும். மறு அழைப்பு உரிமை இல்லாத இடத்தில் ஆட்குறைப்பு என்பது ஆள்மாற்றத்துக்கு இட்ட மாற்றுப் பெயர். பணமில்லை என்று சொல்லி அனுப்பலாம். மூன்று மாதம் கழித்துப் பணம் கிடைத்தது என்று சொல்லி, மலிவாக வேறொருவரை அமர்த்தலாம்!

இந்த வரிசையைத்தான் கலைக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். கிளம்பியவர் பஞ்சைப் பராரிகள் அல்லர். ஒளியிழைத் தகவல்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தோரில் ஒருவரான டேவிட் வெல்ச் என்னும் சீமான், 'ஸ்டூடண்ட்ஸ் மேட்டர்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஒன்பது மாணவர்களை முன்னிறுத்தி, பெரும் வழக்கறிஞர்களை அமர்த்தி, லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வெர்காரா வழக்கு என்று அதற்குப் பெயர். 2014 ஜூன் 10-இல் நீதிபதி ரால்ஃப் ட்ரூ, பணிமூப்பு வரிசையையும் பணிப்பாதுகாப்பையும் பற்றிய ஐந்து சட்டப்பிரிவுகளையும் செல்லாதவை என்றார். சீமான்களின் ஏடுகளிலே அன்று தீபாவளி!

அவர்கள் சொன்னது என்ன? "ஆண்டுக் கணக்கைப் பாராதே; திறமையைப் பார்! மந்தமான மூத்தவர் இருக்க, மணியான இளையவர் போவதா?"

கேட்க இனிக்கிறது. தகுதி, திறமை! இந்தச் சொற்கள் நம் செவிக்குப் புதியனவா, தோழர்காள்? அவற்றைச் சொல்பவர் யார், அளப்பவர் யார், அளக்கும் கோல் யார் கையிலே என்று கேட்டுப் பழகியவர்கள் அல்லவோ நாம்!

ஒரு காட்சியை மேடையேற்றிப் பார்ப்போம். வரிசை இல்லை, சட்டம் கலைந்துவிட்டது. வாரியத்தின் பொருளாளர் அமர்ந்திருக்கிறார். பள்ளித் தலைவர் பட்டியலோடு வருகிறார்.

"எத்தனை பேரை அனுப்ப வேண்டும், ஐயா?"

"எத்தனை பேர் என்று ஏன் கேட்கிறீர்? எவ்வளவு பணம் மிச்சமாக வேண்டும் என்று கேளும்!"

"இருபத்திரண்டு ஆண்டு பணிபுரிந்தவர் இவர். நன்றாகக் கற்பிப்பவர்."

"அவர் ஊதியத்தில் இளைஞர் இருவரை வைக்கலாமே!"

"ஆனால், திறமை..."

"திறமை இல்லையென்று எழுதிக்கொள்ளும். எழுதுகோல் உம் கையில்தானே இருக்கிறது?"

காட்சி கற்பனை, கணக்கு கற்பனையன்று. ஆண்டுக்கு ஆண்டு உயரும் ஊதியப் படிக்கட்டிலே மேலே நிற்பவர் மூத்தவர். அவரை அனுப்பினால் அதிகம் மிச்சம். வரிசை ஒன்றுதான் பொருளாளரின் கத்தரிக்கோலுக்கும் அவர் கழுத்துக்கும் நடுவிலே நிற்கிறது. சங்கத்தில் பேசியவர், தலைமையை எதிர்த்தவர், குழந்தை பெற விடுப்புக் கேட்ட பெண், இவர்கள் கழுத்துக்கும் அதுவே கவசம்.

தேர்வு மதிப்பெண்ணால் திறமையை அளக்கலாமே என்பர். மாணவரின் மதிப்பெண் ஏற்ற இறக்கத்தில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 விழுக்காடு என்றே பெரும்பாலான ஆய்வுகள் காண்கின்றன என்று அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014 ஏப்ரலில், ட்ரூவின் தீர்ப்புக்கு இரண்டே மாதம் முன்பு, அறிக்கை தந்தது. எஞ்சியது வீடு, வறுமை, பசி, பள்ளியின் நிலை, இன்னும் பல. அந்தக் கோலால் அளந்தா ஒருவரின் சோற்றைப் பறிப்பது?

வரிசையின்றித் திறமையை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்று அறிய, வரலாற்றிலே ஓர் ஊருக்குப் போவோம். மிசௌரி மாநிலம்; மோபர்லி என்ற சிற்றூர்; ஆண்டு 1955. கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் பிரித்து வைப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று 1954-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பிரௌன் வழக்கிலே தீர்ப்பளித்திருந்தது. மோபர்லியில் பள்ளிகள் ஒன்றாயின. குழந்தைகள் சேர்ந்தனர். ஆசிரியர்கள்? கறுப்பின ஆசிரியர் பதினொருவர். பதினொருவருக்கும் வேலை போயிற்று! ஒருவர்கூட மிஞ்சவில்லை. வழக்குத் தொடுத்தனர். வாரியம் சொன்ன விடை என்ன தெரியுமா? "நிறம் பார்க்கவில்லை, திறமை பார்த்தோம்." நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, 1959-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதையே உறுதி செய்தது. பதினொருவரிலே திறமைசாலி ஒருவர்கூட இல்லையாம்!

மோபர்லி ஒன்றா? 1954 முதல் 1965 வரை, பதினேழு மாநிலங்களில், வேலை இழந்த கறுப்பின ஆசிரியரும் பள்ளித் தலைவரும் ஏறத்தாழ 38,000 என்பது ஆய்வாளர் தரும் மதிப்பீடு. தென்பகுதியின் மேல்முறையீட்டு மன்றம் ஒன்று, 1969 டிசம்பரில், சிங்கிள்டன் வழக்கிலேதான் கடிவாளம் போட்டது. ஆட்குறைப்புக்குப் புறநிலையான அளவுகோல் வேண்டும். நீக்கப்பட்டவருக்குத் தகுதியிருந்தால், காலியிடத்தை முதலில் அவருக்குத் தர முன்வர வேண்டும். அவர் மறுத்த பிறகே வேறு இனத்தவர் ஒருவரை அங்கே அமர்த்தலாம் என்றது. உற்று நோக்குங்கள்: ஓரவஞ்சனைக்கு மருந்தாக அந்த மன்றம் கண்டதும் மறு அழைப்பு உரிமையைத்தான்!

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரிசையால் ஏழைக் குழந்தைகள் அடிபட்டதும் உண்டு. மறைக்க மாட்டேன், மறைத்தால் எதிரி அதை ஏந்தி வருவான். லாஸ் ஏஞ்சலஸ் நகரிலே காம்பர்ஸ், மார்க்கம், லீக்டி என்று மூன்று நடுநிலைப் பள்ளிகள். படிப்போர் கறுப்பினக் குழந்தைகளும் லத்தீன் அமெரிக்க வழிவந்த குழந்தைகளும். அங்கே மூத்த ஆசிரியர் தங்குவதில்லை, புதியவரே நிறைந்திருந்தனர். ஆகவே 2009-இல் வரிசைப்படி சீட்டு வந்தபோது, வசதியான பகுதிப் பள்ளியில் ஓரிருவர் போக, இங்கே ஆசிரியர் கூட்டமே கரைந்தது. வகுப்புக்கு வகுப்பு பதிலி ஆசிரியர். இன்று ஒருவர், நாளை மற்றொருவர். குழந்தைகள் சார்பில் 2010-இல் ரீட் வழக்கு வந்தது. அந்தக் குழந்தைகளின் முறையீடு நியாயமானது. வெல்ச்சின் வழக்கையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

ஆனால் கேளுங்கள்: மூத்தவர் ஏன் அங்கே இல்லை? வரிசையா அவர்களை விரட்டியது? நெரிசலான வகுப்பு, ஆலோசகர் இல்லாமை, அடிக்கடி மாறும் பள்ளித் தலைவர். இவற்றைச் சரிசெய்யாமல், ஆண்டுதோறும் புதியவரைக் கொண்டுபோய்க் கொட்டியது நிர்வாகம். சீட்டு கிழிக்கும் நாள் வந்ததும் பழி மட்டும் வரிசைக்கு!

ரீட் வழக்கு எப்படி முடிந்தது என்பதே இதற்கு விடை. அந்தப் பள்ளிகளுக்கு ஆட்குறைப்பிலிருந்து விலக்குத் தரும் முதல் உடன்பாட்டை ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. சங்கத்தின் வாதத்தை முழுமையாகக் கேளாமல் முடித்தது தவறென்று 2012-இல் மேல்முறையீட்டு மன்றம் அதைத் தள்ளிற்று. 2014 ஏப்ரலில் சங்கமும் சேர்ந்து புது உடன்பாடு. 37 பள்ளிகள், கூடுதல் ஆலோசகர், கூடுதல் துணைத் தலைவர், புதிய ஆசிரியருக்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியர், பள்ளித் தலைவர் நிலைத்திருக்க ஊக்கத்தொகை. வரிசை அப்படியே நின்றது. பள்ளிக்குப் பணம் வந்தது. வள்ளல்கள் இந்த உடன்பாட்டைப் பாடிப் பரப்பினார்களா? மூச்சு விடவில்லை!

"அப்படியானால் மந்தமான ஆசிரியரைக் காப்பாற்றச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. அவரை விசாரி, குற்றத்தை மெய்ப்பி, நீக்கு. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அது சுணங்குகிறதென்றால் அதைச் செப்பனிடு. ஆட்குறைப்பு குற்றத்துக்குத் தரும் தண்டனையன்று. குற்றமற்றவர் என்று தெரிந்தே, காசில்லை என்பதற்காக அனுப்புவது. இரண்டையும் ஒன்றாக்கினால், காசில்லாத ஒவ்வோர் ஆண்டும் சில நூறு பேருக்கு "திறமையற்றவர்" என்ற முத்திரையும் சேர்ந்து விழும்.

காசு ஏன் இல்லை? அந்தக் கேள்வியை வெர்காரா வழக்கைத் தொடுத்தவர்கள் எழுப்பவில்லை. 1978-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் கட்டிப் போட்டது. வீட்டுக்கு மட்டுமன்று, மாளிகை போன்ற வணிக நிறுவனங்களுக்கும் சேர்த்து! பள்ளிகளைத் தாங்கிய தூண் அன்றே மெலிந்தது. தூணைப் பற்றிப் பேசாமல், கூரை விழும்போது யார் முதலில் சாக வேண்டும் என்று வாதிட வந்தவர்தாம் இந்த வள்ளல்கள்.

2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் ட்ரூவின் தீர்ப்பை உடைத்தது. ஏழைப் பள்ளிக்கு எந்த ஆசிரியரை அனுப்புவது என்று முடிவு செய்வது நிர்வாகிகள். சட்டம் அன்று எனக் காட்டிற்று. ஆகஸ்டில், நால்வருக்கு மூவர் என்ற கணக்கிலே, மாநில உச்சநீதிமன்றம் வழக்கை மறுபடி கேட்க மறுத்தது. ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு மாறியிருந்தால் வழக்கு மீண்டும் உயிர் பெற்றிருக்கும்.

கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் 2016-17-இல் மாணவர் 62 இலட்சம். 2023-24-இல் 58 இலட்சம். கொள்ளைநோய்க் காலத்தில் ஒன்றிய அரசு தந்த உதவி நிதியைச் செலவுக்கு ஒதுக்கும் கெடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. 2025 மார்ச்சிலும் இளஞ்சிவப்புச் சீட்டுகள் போயின. பெற்றவர்களிலே வேலை உண்மையாகவே இழந்த நிரந்தர ஆசிரியர், இப்போது மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பார். முப்பத்தொன்பது மாதம் அவருக்கு உண்டு.