நாலு உள்ளங்கை நிலம்

குறுக்குச்சாலையில் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பிரியும் இடத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வருவது எளிதில் விளங்கும். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை அங்கே கரிசல் காட்டை நேர்க்கோடாகக் கிழித்துக்கொண்டு போகிறது. துறைமுகத்துக்கு விரையும் கன்டெய்னர் லாரிகள், உப்பு மூட்டை ஏற்றியவை, சக்கரத்தில் கரிசல் மண்ணை அப்பிக்கொண்டு சாலையேறும் டிராக்டர், எதிர்ப்பக்கத்துக் கடைக்கு நடுத்தடுப்பின் இடைவெளி தேடி நடக்கும் கிழவி, ஆடுகள். இவற்றுக்கிடையே, என்ன வண்டி என்று பார்ப்பதற்குள் கடந்துபோய்விடும் ஒரு செடான். 150 குதிரைத்திறன் கொண்ட ஸ்லாவியாவாகவோ விர்ட்டஸாகவோ இருக்கலாம். அந்தக் காருக்கு மலிவு டயர் போதுமா, உயர்விலை டயர் வேண்டுமா என்பதே இங்கு நாங்கள் எடுத்துக்கொண்ட வழக்கு.

இலக்கியம் பேசும் இடத்தில் டயருக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களை நாங்கள் அறிவோம். பல பத்தாண்டுகளாகச் சிற்றிதழ்களில் விளிம்புநிலை பற்றி எழுதித் தள்ளியிருக்கிறோம். சாலையின் விளிம்பில் நிற்பவரைப் பற்றி எழுதினால் மட்டும் அது ரசனைக் குறைவாகிவிடுமா?

வழக்குக்கு வருவோம். "எல்லாம் ரப்பர்தானே சார், பேருக்குத்தான் காசு" என்ற வாசகத்தைக் கேட்காத டயர் கடை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. இதைச் சொல்பவர் ஏழையல்லர் என்பதுதான் வேடிக்கை. பதினெட்டு, இருபது லட்சம் கொடுத்து வண்டி வாங்கியவர். அதற்கு அலாய் வீல் மாற்றியவர். சைலன்ஸர் உறுமுவதற்கென்று தனியாகச் செலவழித்தவர். முதல் ஜோடி தேய்ந்து, நான்கு டயர் மாற்றும் நாள் வந்ததும் அவருக்குத் திடீரென்று சிக்கனம் வந்துவிடுகிறது. ஒரே 205/55 ஆர்16 அளவில் விலை வித்தியாசம் இரண்டு மடங்கு வரை போகும் என்பது உண்மைதான். அந்த வித்தியாசத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்லும் நிலையில் கடைக்காரரும் பெரும்பாலும் இல்லை.

ஓடும் காரில் தரையைத் தொடுவது நான்கு இடங்கள் மட்டுமே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். எஞ்சின், பிரேக், ஏபிஎஸ், ஆறு காற்றுப்பை எல்லாம் அந்த நாலு உள்ளங்கை நிலத்தின் வழியாகத்தான் பேச முடியும். ஈரச் சாலையில் ஒரு டயரின் பிடிப்புக் கெழு 0.8 என்றும், மலிவான இன்னொன்றின் பிடிப்பு அதில் கால்பங்கு குறைந்து 0.6 என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் முதல் கார் 49 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 66 மீட்டரில். பதினேழு மீட்டர்தானே என்று தோன்றும். அப்படிப் பார்ப்பது தவறு. முதல் கார் அசையாமல் நிற்கும் அதே புள்ளியை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 50 கி.மீ. பள்ளிக்கூடத்துப் பௌதிகம் படித்த எவரும் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கால்பங்கு பிடிப்பை இழந்தவன் பாதி வேகத்தோடு போய் மோதுகிறான். மோதப்படுபவர் நடுத்தடுப்பில் இடைவெளி தேடிய கிழவி.

"என் காசு, என் டயர்" என்ற வாதம் இந்த இடத்தில் செத்துப்போகிறது. மலிவு டயரில் மிச்சப்படுத்திய பணம் வாங்கியவர் பையில் இருக்கிறது. அதன் விலை வேறொருவர் உடம்பின்மேல் எழுதப்பட்டிருக்கிறது.

நல்ல டயரில் அப்படி என்ன இருக்கிறது? கறுப்பு நிறம் தரும் கார்பன் கரியோடு, அல்லது அதற்குப் பதிலாக, ரப்பர் கலவையில் சிலிகா சேர்ப்பது முக்கியமான ஒன்று. 1990களின் தொடக்கத்தில் மிஷ்லின் நிறுவனம் கார் டயரில் இதைப் பரவலாக்கியது. உருளும்போது குறைந்த சக்தியை விழுங்கி, ஈரத்தில் கூடுதலாகப் பிடிக்கும் முரணை இதன்மூலம் சாதித்தார்கள். இன்னொன்று, கடைக்காரர்கள் 'பட்டன்' என்று சொல்லும் மேற்பரப்புப் பள்ளங்களின் அமைப்பு. தண்ணீரை எவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்பதே அதன் வேலை. தள்ள முடியாதபோது டயர் நீரின்மேல் மிதக்கும். மிதக்கும் டயருக்கு ஸ்டியரிங்கும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. இவை ஆராய்ச்சிக்கும் சோதனைத்தளத்துக்கும் செலவழித்துப் பெற்றவை. எல்லாம் ரப்பர்தான் என்றால், எல்லாக் கவிதையும் எழுத்துதான்.

இதைப் படித்து, "பார்த்தீர்களா, நான் வெளிநாட்டு டயர்தான் போடுவேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் இன்னொரு கூட்டத்தோடும் எங்களுக்குச் சண்டை உண்டு. அவர்களுக்கு 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். உலகின் ஆகச் சிறந்த டயர்கள் என்று பெயர்பெற்ற மிஷ்லின் டயர்கள் அந்த ஓடுதளத்தின் சரிந்த பதின்மூன்றாம் வளைவைத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. பந்தய நாளில் மிஷ்லின் பூட்டிய 14 கார்களும் ஒரு சுற்று வந்து அப்படியே ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக முடித்து 5 புள்ளிகள் பெற்றது அன்றைக்குத்தான். பலவீனமான ஜோர்டான் காரில் இருந்தவருக்கு அந்தத் தளத்துக்குப் பொருந்திய டயர் கிடைத்திருந்தது. வலுவான கார்களில் இருந்தவர்களுக்குப் பெயர்பெற்ற டயர் கிடைத்திருந்தது. ஒரு டயரின் தரம் அது உருளும் மண்ணோடு சேர்த்துத்தான் அளக்கப்படும் என்பதற்கு இதைவிடப் பெரிய, இதைவிட அவமானகரமான சான்று மோட்டார் பந்தய வரலாற்றில் இல்லை.

உள்நாடு என்றால் மட்டம் என்பதும் இதே நோயின் மறுமுகம். 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயரைப் பூட்டித்தான் 2022இல் எஃப்ரென் யாரெனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். அதற்காக அந்த நிறுவனத்தின் ஒவ்வொரு டயரும் உயர்ந்தது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஒரே நிறுவனம் டாக்ஸிக்கு நீண்டகாலம் உழைக்கும் கெட்டியான டயரும் செய்யும், வளைவில் ஒட்டிக்கொள்ளும் மென்மையான டயரும் செய்யும். பெயரைப் பார்த்து வாங்குகிறவர் இரண்டில் எதை வாங்கினோம் என்று அறியாமலே வீட்டுக்குப் போகிறார்.

உயர்விலைக்காரர்களிடம் இன்னொரு குற்றமும் உண்டு, அதை நாங்கள் கூடுதலாகவே வெறுக்கிறோம். மென்மையான கலவை சீக்கிரம் தேயும். தேய்ந்ததும் மறுபடி அவ்வளவு பணமா என்று கை நடுங்கும். பள்ளத்தின் அடியில் உள்ள 1.6 மி.மீ. அடையாளம் மேற்பரப்போடு சமமான பிறகும், "இன்னும் நாலு மாதம் ஓடும்" என்று ஓட்டுவார்கள். விலை உயர்ந்த மொட்டை டயர், மழையில், புதிய மலிவு டயரைவிட ஆபத்தானது. நான்கையும் நேரத்துக்கு மாற்ற முடியாதவர் நடுத்தர விலையில் ஈரப்பிடிப்பு நன்றாக உள்ளதைப் போட்டுக்கொண்டு, உரிய காலத்தில் மாற்றட்டும். அதற்கும் இயலாதவர் 70ல் போகட்டும். 70ல் போவது கேவலமில்லை.

எங்கள் சீமைக்கு இது மேலும் பொருந்தும். வருஷத்தின் பெரும்பகுதி வெயில். வெயிலில் ரப்பர் இறுகி விரிசல் விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. தள்ளுபடி விலையில் 'புதிதாக' வாங்கியது சில வருஷம் கிடங்கில் கிடந்ததா என்பதை அது சொல்லிவிடும். பிறகு ஐப்பசியில் மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது எந்த டயருக்கும் வேலையில்லை, சாலையே இல்லை. அஞ்ச வேண்டியது மாதக்கணக்கில் காய்ந்த தாரின்மேல் விழும் முதல் பத்து நிமிடத் தூறல். எண்ணெயும் புழுதியும் டிராக்டர் உதிர்த்த கரிசலும் குழைந்து சவுக்காரம் போலாகிவிடும்.

லாரிகள் மட்டும் ரீட்ரெட் டயரில் ஓடவில்லையா என்ற கேள்வி வரும். ஓடுகின்றன. முறையாகச் செய்த ரீட்ரெடிங் குற்றமல்ல, விமானச் சக்கரங்களுக்கே அது உண்டு. அந்த ஓட்டுநர் வாடகைக்குள் பிழைக்க வேண்டியவர், ஏற்றிய பாரமே அவர் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வேகத்தை விரும்பி, விலை கொடுத்து, கடையில் பொறுக்கி எடுத்து வாங்கியவரை அவரோடு ஒரே தராசில் வைக்க மாட்டோம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு கார் டயரும் ஈரப்பிடிப்புத் தரத்தை எழுத்தில் காட்டும் சீட்டோடுதான் விற்கப்படுகிறது. 2021இலிருந்து அது ஏ முதல் இ வரை. இங்கே 2022இல் மோட்டார் வாகன விதிகளில் ஏஐஎஸ்-142 தரநிர்ணயம் சேர்க்கப்பட்டு, ஈரப்பிடிப்புக்குக் குறைந்தபட்ச அளவு விதிக்கப்பட்டது. நல்லது. ஆனால் தேறியதா என்பது மட்டும் தெரிந்தால் போதாது, எத்தனை மதிப்பெண் என்பதும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். குளிர்பதனப் பெட்டி எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று நட்சத்திரம் ஒட்டி விற்கத் தெரிந்த நாட்டில், ஈரத்தில் ஒரு டயர் எப்படிப் பிடிக்கும் என்பது கடையில் நிற்பவர் கண்ணில் படும்படி ஒட்டப்படுவதில்லை. ஒட்டினால் "எல்லாம் ரப்பர்தானே" ஒரே வாரத்தில் வாயடைத்துப்போகும்.

மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழா. பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் ஜோதி ஏந்திச் சாலையோரமாகவே ஓடி வருவார்கள். கோடை மழை பெய்யக்கூடிய மாதமும் அதுதான். அதற்குள் உங்கள் காரின் நான்கு டயர்களையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.