அமைதி யாருக்கு? பூவாறு கடற்கரையும் ஓய்வு கொள்ளும் உரிமையும்

பனச்சமூட்டிலிருந்து பூவாறு கடற்கரை முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. திருவனந்தபுரம் நகரின் சந்தடியிலிருந்து விலகி, அமைதியாக ஓய்வெடுக்க ஏற்ற இடம் என்று சுற்றுலா விளம்பரங்கள் அதை உலகெங்கும் அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் பாறசாலை, வெள்ளறடை, பனச்சமூடு வட்டாரத்தில் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கிடையே நடக்கத் தொடங்கும் பால்வெட்டுத் தொழிலாளி அந்த விளம்பரத்தின் வாசகர் அல்லர். மழை நாளில் மரம் வெட்ட முடியாது. அன்று கூலியும் கிடையாது. அவருக்குத் தெரிந்த ஓய்வு அது ஒன்றுதான்.

பூவாறு உண்மையிலேயே அழகான இடம். அகத்தியமலைத் தொடரில் பிறக்கும் நெய்யாறு அங்கே கடலைச் சேர்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீண்ட மணல்திட்டு. பின்னால் உப்பங்கழி, கண்டல் மரங்கள், தென்னந்தோப்புகள். பொழி திறந்தால் ஆறு கடலோடு கலக்கும், மூடினால் தேங்கி நிற்கும். அடுத்த ஊரான பொழியூர் தன் பெயரிலேயே இதைச் சுமக்கிறது. (இதே நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கு வந்துகொண்டிருந்த நீர் 2004இல் நின்றுபோனது. அதன் முகத்துவாரத்தைப் படமெடுக்கும் பயணிகளுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எல்லையின் இரு பக்கத்து விவசாயிகளுக்கும் தெரியும்.)

விளம்பரம் சொல்லும் அமைதி இயற்கை தந்தது மட்டும் அன்று. ஒரு மீன்பிடிக் கரையில் அமைதி இருக்காது. கரைமடி வலையை ஐம்பது பேர் இரு கயிறுகளாகப் பிரிந்து இழுக்கும்போது எழும் குரல், மீனை ஏலம் விடும் பெண்களின் சத்தம், வலை உலரும் நாற்றம், வள்ளங்களைக் கரையேற்றும் கூட்டம் ஆகியவையே அதன் இயல்பு. கரைமடிக்குத் தடையற்ற நீண்ட மணல்வெளி வேண்டும். விடுதிக்கும் அதே மணல்வெளிதான் வேண்டும். விடுதி வேண்டுவது வெறுமையாக்கப்பட்ட மணலை. படகில் மட்டுமே சென்றடையக்கூடிய தங்குமிடம் என்பது பயணிக்குச் சிலிர்ப்பைத் தருகிறது. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவருக்கோ தன் கரையில் கால்வைக்க இன்னொருவர் படகில் ஏற வேண்டிய நிலையைத் தருகிறது. வலை இழுப்பவர்கள் பயணியின் புகைப்படத்தில் இடம்பெறலாம், விடுதியின் முன்புறத்தில் இடம்பெறக் கூடாது என்பதே இந்த வணிகத்தின் எழுதப்படாத விதி.

இந்த விதி எப்படி உருவானது என்பதைப் பூவாற்றுக்கு வடக்கேயுள்ள கோவளம் காட்டுகிறது. திருவிதாங்கூர் மகாராணி சேது லட்சுமி பாய்க்காக அங்கே கடலோரக் குன்றில் ஹால்சியன் மாளிகை கட்டப்பட்டது. விடுதலைக்குப் பின் அந்த வளாகம் பொதுச் சொத்தானது. இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பில் குன்றின் சரிவில் ஒரு விடுதியை எழுப்பியது. அது சாமானியர் தங்கும் விடுதியாக இருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அது பொதுத்துறை. அதன் கட்டணம், வேலைவாய்ப்பு, நிலப் பயன்பாடு குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடியும். 2002இல் வாஜ்பாய் அரசு பங்கு விற்பனைக் கொள்கையின்படி அதை 40 கோடி ரூபாயைச் சற்றே கடந்த தொகைக்குத் தனியாருக்கு விற்றது. பின்னர் அது லீலா குழுமத்திடம் சென்று, 2011இல் 500 கோடி ரூபாய்க்கு மீண்டும் கைமாறியது. இடையில் சில முதலீடுகள் நடந்திருக்கலாம். அவற்றைக் கழித்தாலும், கடலும் குன்றும் சேர்ந்து தந்த நிலவாடகையின் பெரும்பகுதி யாருடைய பைக்குச் சென்றது என்பதற்குக் கணக்காளர் தேவையில்லை. மாளிகையை மீட்க மாநில அரசு 2005இல் இயற்றிய சட்டம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2017இல், உரிமை கோரி சிவில் வழக்குத் தொடரும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு, மாளிகையைத் தனியாரிடம் ஒப்படைக்க மாநில அமைச்சரவை முடிவெடுக்க வேண்டியதாயிற்று. ஒருமுறை விற்ற பொதுச் சொத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை இடதுசாரிகள் அங்கே கசப்போடு கற்றனர்.

சொத்து விற்பனையோடு சட்டத் தளர்வும் வந்தது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊரகக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானங்களைத் தடுத்தது. 2019 ஜனவரியில் மோடி அரசு வெளியிட்ட அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகப் பகுதிகளில் இதை 50 மீட்டராகச் சுருக்கியது. மீனவர் வீடு கட்டிக்கொள்ள இது உதவும் என்று வாதிடப்படுகிறது. நியாயமான வாதம்தான், கேரளக் கடற்கரையில் வீட்டுமனைப் பிரச்சனை கடுமையானது. ஆனால் மீனவர் வீட்டுக்கு மட்டும் தளர்வு என்று எழுத ஒரு வரி போதும். அந்த வரி எழுதப்படவில்லை.

அதே நேரத்தில் கரையே குறைந்துவருகிறது. பொழியூர், கொல்லங்கோடு, நீரோடி பகுதிகளில் கடல் வீடுகளை விழுங்குகிறது. ஒரு மாநிலம் கட்டும் தூண்டில் வளைவு அடுத்த மாநிலத்தின் மணலை அரிக்கிறது என்று மக்கள் குற்றம் சாட்டுகின்றனர். மணலோட்டத்துக்கு மாநில எல்லை கிடையாது என்பதால், இரு அரசுகளும் கூட்டாக ஆய்வு செய்யாமல் இதற்குத் தீர்வில்லை. வடக்கே விழிஞ்ஞத்தில் அதானி துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்காகக் குமரி மாவட்ட மலைகளின் கல், எல்லைச் சாலைகள் வழியே லாரி லாரியாகச் சென்றது. மலையோரக் கிராமங்கள் தூசியைச் சுவாசித்தன. 2022இல் கரையோர மக்கள் நூறு நாட்களுக்கு மேல் போராடினர்.

இத்தனைக்கும் பிறகு, கடற்கரைக்கு ஓய்வுக்காகச் செல்வதே ஆடம்பரம் என்று முடிவு கட்டுவது தவறாகும். ஓய்வு தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமை. 1920 டிசம்பரில், உள்நாட்டுப் போர் முடிந்தும் முடியாத நிலையில், கிரிமியக் கடற்கரையைத் தொழிலாளர் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் ஆணையில் லெனின் கையெழுத்திட்டார். ஜார் மன்னரின் லிவாதியா அரண்மனை 1925இல் விவசாயிகளின் உடல்நல இல்லமாயிற்று. 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி ஆட்சியில், மாபெரும் வேலைநிறுத்தத்தின் விளைவாக இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமானது. பல்லாயிரம் தொழிலாளர் முதன்முறையாகக் கடலைப் பார்த்தனர். அரண்மனை அங்கே உழைப்பாளிக்குச் சென்றது, கோவளத்தில் ஐந்து நட்சத்திரத்துக்குச் சென்றது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 240 நாட்கள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு வழங்கியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமோ ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் கொண்ட தோட்டங்களை மட்டுமே தொட்டது. சிறு ரப்பர் தோட்டங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் பால்வெட்டுத் தொழிலாளி அந்த வேலிக்கு வெளியிலேயே நின்றார். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்கள் 240ஐ 180 ஆக்கியதைச் சாதனையாகக் காட்டுகின்றன. ஒப்பந்தம் மாற்றி மாற்றி வேலை வாங்கப்படுபவர், விடுதியில் பருவகாலத்துக்கு மட்டும் அமர்த்தப்படுபவர் ஆகியோருக்கு எந்த எண்ணும் பயனளிக்காது. மற்றவரின் ஓய்வுக்காகப் படுக்கை விரிக்கும் பெண்ணுக்கு வார விடுமுறை உண்டா என்பதைத் தொழிற்சங்கங்கள் வாசல்தோறும் சென்று கேட்க வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவர் குடியிருப்பு, வலை உலர்த்தும் இடம், படகு நிறுத்தும் இடம் ஆகிய பொதுப் பயன்பாட்டு இடங்கள் குறிக்கப்பட வேண்டும். கடலோர ஊர்களில் மீன்தொழிலாளர் சங்கமும் கட்சிக் கிளைகளும் அந்த வரைபடத்தை மக்கள் முன் விரித்து, எந்தக் கரைமடித் தளம் விடுபட்டுள்ளது, எந்தப் பாதைக்குக் கதவு போடப்பட்டுள்ளது என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கிராம சபையில் முன்வைக்கலாம். பால்வெட்டு, முந்திரி, கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கக் குறைந்த கட்டணத்தில் ஒரு பொதுத்துறை ஓய்வில்லம் பூவாற்றில் வேண்டும் என்ற கோரிக்கையும் அதே சபைகளில் தீர்மானமாக வரட்டும். அதற்கு மலையோரக் கிளைகளும் கடலோரக் கிளைகளும் முதலில் ஒரே கூட்டத்தில் உட்கார வேண்டும்.