டிராக்டர் ஓடிய மணி எவ்வளவு?

உழவுக்கு டிராக்டரை வாடகைக்குப் பிடிக்கும்போது மணிக்கணக்கில்தான் பேசுகிறோம். கால் மணி கூடினாலும் வரப்பில் நின்று வாதாடுகிறோம். அதே வண்டியைச் சில லட்சம் கொடுத்துச் சொந்தமாக வாங்கும்போது, இதுவரை எத்தனை மணி ஓடியது என்பதை எத்தனை பேர் எழுதி வாங்குகிறோம்? பெயின்ட்டையும் டயரையும் பார்த்தே விலை முடிந்துவிடுகிறது.

திருத்தணிப் பக்கம் கரும்பு ஏற்றித் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்கு ஓடிய டிராக்டரும், நாலு ஏக்கர் நெல்லுக்கு மட்டும் உழுத டிராக்டரும் ஒரே ஆண்டு மாடலாக இருக்கலாம். ஆண்டுக்கு 800 மணி ஓடினால் 6 ஆண்டில் 4,800 மணி. 300 மணி என்றால் 1,800 மட்டுமே. ஆர்.சி. புத்தகத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. கிளட்ச், ஹைட்ராலிக், இன்ஜின் வேலை வரும்போதுதான் தெரியும். மீட்டரை நம்பலாமா என்றால், கேபிள் அறுந்து மாதக்கணக்கில் நின்றிருக்கலாம், புதிதாகவும் மாற்றியிருக்கலாம்.

அமெரிக்காவில் கார் விற்பவர் ஓடிய தூரத்தை எழுதித் தர வேண்டும் என்று 1972-லேயே சட்டம் வந்தது. இங்கே பெயர் மாற்றப் படிவங்கள் இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கேட்கின்றன. ஓடிய மணியைக் கேட்பதில்லை.

1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு இதில் கவனிக்க வேண்டியது. விற்பவர் குறையைச் சொல்லாமல் இருந்தார் என்பதற்காக மட்டும் அது மோசடியாகிவிடாது. அதற்குச் சட்டம் காட்டும் உதாரணம் குதிரை வியாபாரம்! ஆனால், ‘மறுக்காவிட்டால் நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குபவர் சொல்லியும் விற்பவர் வாய் திறக்காவிட்டால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். பொய் சொல்லி விற்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் வழி உண்டு. ஆகவே கேளுங்கள். இன்றைய மீட்டர் அளவு, மீட்டர் மாற்றப்பட்டதா, கடைசியாக இன்ஜின் வேலை எப்போது பார்த்தது ஆகியவற்றை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சர்வீஸ் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நகரி, புத்தூர் என்று ஆந்திராவுக்குப் போகும் வண்டிக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். அவகாசம் 45 நாள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது.

பெயர் மாற்றப் படிவத்தில் ‘ஓடிய மணி’ என்று ஒரு வரி சேர்க்க மத்திய அரசுக்குப் பெரிய செலவில்லை. அதுவரை வேளாண் பொறியியல் துறை, மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டுத் திருத்தணி விவசாயிகளுக்குக் கொடுக்கலாம்.