‘எல்லாத்துலயும் ஓடும்’ என்பது ஒரு தகுதியா?

பதிவு கொஞ்சம் நீளம். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் போட்டோ, பாட்டியின் குரல் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பவர்கள் அவசியம் படிக்கவும்.

"டிஸ்கை எந்த ஃபார்மேட்டில் வைக்கலாம்?" என்று நம் குழுவில் யார் கேட்டாலும் பத்துப் பேர் ஒரே பதிலைச் சொல்கிறீர்கள். "எக்ஸ்ஃபேட் போடுங்க சார். டிவி, போன், விண்டோஸ், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும்."

எல்லாவற்றிலும் ஓடுவது பென்டிரைவுக்கு வேண்டிய குணம். இருபது வருடம் காக்க வேண்டிய பெட்டிக்கு வேறு குணம் வேண்டும். உள்ளே இருப்பது கெட்டுப்போனால் அது நமக்குச் சொல்ல வேண்டும்.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. டிஸ்கிலும் அப்படித்தான், ஒன்று அல்லது பூஜ்யம். அட்டையில் ஓர் ஓட்டை தப்பினால் புடவையில் புட்டா கோணும், நெய்கிறவர் கண்ணில் பட்டுவிடும். டிஸ்கில் ஒன்று பூஜ்யமாக மாறினால் யார் கண்ணிலும் படாது. பத்து வருடம் கழித்துத் திறக்கும்போதுதான் போட்டோ பாதியில் சாம்பல் நிறமாக நிற்கும்.

எக்ஸ்ஃபேட் 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பேரேட்டில் ஏற்றும் முன் சிட்டையில் குறித்துக்கொள்ளும் பழக்கம்கூட அதற்குக் கிடையாது. எழுதும்போது கரண்டு போனால் கணக்கு குழம்பலாம். நம் ஊர் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ எக்ஸ்ட்4 போதுமே சார், 2008-லிருந்து நிலையா இருக்கே" என்பவர்களின் வாதம் மதிக்க வேண்டியது. அதில் சிட்டை உண்டு, உறுதியானது. ஆனால் அது தன் கணக்குப் புத்தகத்தைத்தான் சரிபார்க்கும். உங்கள் வீடியோவுக்குள் என்ன நடந்தது என்று பார்க்காது.

மதிப்பெண் பட்டியலில் கடைசியில் கூட்டுத்தொகை போடச் சொல்வேனே, ஏன்? நடுவில் ஒரு எண் மாறினால் கூட்டுத்தொகை இடிக்கும். இந்த வேலையை ஒவ்வொரு கோப்புக்கும் தானாகச் செய்பவை பி.டி.ஆர்.எஃப்.எஸ், இசட்.எஃப்.எஸ் என்ற இரண்டும். தப்பு நடந்தது என்று கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும். சரியான எண் எது என்று அறிய இன்னொரு பிரதி வேண்டும். ஆகவே ஒரே டிஸ்க் போதாது. இரண்டு டிஸ்க், ரெய்டு 1 முறையில். மாதம் ஒருமுறை ‘ஸ்கிரப்’ ஓட்டினால் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, கெட்டதை நல்ல பிரதியிலிருந்து தானே திருத்தும். ரெய்டு 5, 6 பக்கம் போகாதீர்கள். பி.டி.ஆர்.எஃப்.எஸ்-ஐ உருவாக்குகிறவர்களே அதில் எச்சரிக்கிறார்கள்.

இரண்டில் இசட்.எஃப்.எஸ் மூத்தது, சன் நிறுவனம் 2005-ல் வெளியிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் உரிமச் சிக்கலால் லினக்ஸ் கெர்னலுக்குள் இல்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். பி.டி.ஆர்.எஃப்.எஸ் 2009-லிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. நமக்குப் பிறகு டிஸ்கைத் திறக்கப்போவது கம்ப்யூட்டர் படிக்காத பேரனாக இருக்கலாம். அவன் சாதாரண லினக்ஸில் செருகியதும் திறக்க வேண்டும். அதனால் வீட்டுக்கு என் ஓட்டு பி.டி.ஆர்.எஃப்.எஸ்-க்கு.

அதையும் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ரைசர்எஃப்.எஸ் 2001-ல் கெர்னலில் சேர்ந்து ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்குக்கு மாற்றுங்கள். மூன்றாவது பிரதி ஒன்று அண்ணன் தம்பி வீட்டில் இருக்கட்டும். கைதவறி அழித்தால் ரெய்டு இரண்டு டிஸ்கிலும் சேர்த்தே அழித்துவிடும்.

"இவ்வளவு பாடு எதுக்கு சார், கூகுள் வச்சுக்கும்" என்கிறீர்கள். கட்டணம் கட்டும்வரை, பாஸ்வேர்டு நினைவிருக்கும்வரை வைத்துக்கொள்ளும். கூடுதல் பிரதியாக இருக்கட்டும், ஒரே பிரதியாக வேண்டாம்.

"லினக்ஸ் எங்களுக்குத் தெரியாதே" என்றும் சொல்லாதீர்கள். அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கியது. அதை அழித்துவிட்டு கேம் ஏற்றியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்! டிவியில் பார்க்க வேண்டுமா, எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். மூலம் டிஸ்கிலேயே இருக்கட்டும்.

நம் வேலூரில் பிறந்த நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, தமிழின் முதல் மௌனப்படம். இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. 1931-ல் வந்த முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, அதுவும் இல்லை. ஊரே பார்த்த படங்களுக்கே இந்தக் கதி. உங்கள் அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து பேசிய ஐந்து நிமிட வீடியோவை உங்களைத் தவிர யார் காப்பாற்றப் போகிறார்கள்?

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து டிஸ்கை வெளியே எடுங்கள். எக்ஸ்ஃபேட் என்று காட்டினால் முதலில் வேறு இடத்தில் முழு நகல், பிறகுதான் ஃபார்மேட். வரிசை மாற்றிச் செய்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். ‘எல்லாத்துலயும் ஓடும்’ என்று மட்டும் எழுதுபவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், ஆரணி