ஆளில்லாக் காணியும் ஊரின் தண்ணீரும்

தீவகத்தில் எமக்கிருக்கும் காணிகளைப் பற்றி இரண்டு பேச்சுக்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. "அங்கே போய் இனி யார் கமம் செய்யப்போகிறார்கள்? வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம்" என்பது ஒன்று. "காணி கிடக்கட்டும், அது எங்கே ஓடிவிடப்போகிறது?" என்பது மற்றது. முதலாவது சலிப்பினால் வருவது. இரண்டாவது நம்பிக்கையினால் வருவது. இரண்டிலும் ஒரே பிழைதான் இருக்கிறது. காணியை வேலிக்குள் அடங்கிய பரப்புக் கணக்காக மட்டும் இரண்டு பேச்சுக்களும் பார்க்கின்றன. தீவுக் காணிக்கு வேலிக்குக் கீழேயும் ஒரு பகுதி உண்டு. அது தண்ணீர். காணி ஓடாது, ஆனால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போன காணிக்கு எந்தக் கமக்காரனாலும் திரும்பிப் போக முடியாது.

மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, காரைநகர் எனத் தீவகத்தின் ஊர்களிலிருந்து எமது குடும்பங்களிற் பெரும்பாலானவை 1990, 1991 ஆம் ஆண்டுகளில் வெளியேறின. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. சிலர் திரும்பினோம். பலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கொழும்பிலும் தங்கிவிட்டோம். பிள்ளைகள் கடல் கடந்துவிட்டார்கள். ஆனால் உறுதிகள் இன்னும் எமது பெட்டிகளில்தான் இருக்கின்றன. ஆகவே அந்தக் காணிகளின் பொறுப்பும் எம்மிடமே இருக்கிறது. அந்தப் பொறுப்பைத் தூரத்தில் இருந்துகொண்டு எப்படி நிறைவேற்றுவது என்பதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

நிலத்துக்கு அடியில் ஒரு குளம்

தீவகத்தில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழைதான் ஆண்டு முழுவதற்கும் தண்ணீர். அந்த மழை சுண்ணாம்புக் கல்லிலும் மணலிலும் ஊறி, அடியில் நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. அதனால் கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே 40 அடி வரை உவரைத் தள்ளி வைத்திருக்கும். இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். இறைத்து இறைத்து அந்த 1 அடியைக் குறைத்தால், கீழிருந்து உவர் 40 அடி மேலே வர வழி திறக்கிறது. ஒருவர் இயந்திரம் பூட்டி அளவுக்கு மிஞ்சி இறைத்தால் பக்கத்துக் காணிக் கிணறும் உவர்ப்பது இதனால்தான்.

எமது முன்னோர் இந்தக் கணக்கை எண்களில் அறியாவிட்டாலும் தொழிலில் அறிந்திருந்தார்கள். துலாவால் இறைத்த காலத்தில் மனிதக் கைக்கு எட்டிய அளவுதான் தண்ணீர் வந்தது. மணலில் பூவல் தோண்டிக் குடிநீர் அள்ளினார்கள். துரவும் கேணியும் குளமும் மழைநீரை நிறுத்தி நிலத்துக்குள் இறக்கின. தரவையை மாட்டுக்கு விட்டார்கள். அதைக் கொத்தித் தோட்டமாக்கவில்லை. கடலோரத்து அணைகள் வயலுக்குள் உவர் ஏறாமல் தடுத்தன. பனை வரிசை காற்றையும் மண்ணையும் பிடித்து வைத்தது. இவற்றுள் எதுவும் ஒருவருடைய வேலிக்குள் மட்டும் நடந்த காரியமல்ல.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆளில்லாமற் கிடந்த ஊர்களில் இந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. குளங்கள் தூர்ந்தன. வெள்ள வாய்க்கால்களைப் பற்றை மூடியது. சில இடங்களில் புது மதிலும் மூடியது. கட்டாக்காலி மாடுகள் இளம் வடலிகளைத் தின்றன. மணலும் போகிறது. அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கத்து மணல் மேடுகள்தான் அந்தக் கரையில் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைப்பவை. மண்கும்பான் என்ற பெயரிலேயே மணல் இருக்கிறது. அந்த மணலை இரவில் ரிப்பரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு லோட் மணல் போகும்போது அது நிறுத்தி வைத்திருந்த நன்னீருக்கும் இடமில்லாமல் போகிறது. இப்படி மணல் அள்ளப்படும் காணிகளில் உரிமையாளர் ஊரில் இல்லாத காணிகளும் உண்டு.

காணி ஒருவரிடம், வாக்கு இன்னொருவரிடம்

இதையெல்லாம் கவனிக்க வேண்டியது யார்? மணல் அகழ அனுமதி வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். கரையோரத்தைப் பார்ப்பது கரையோரம் பேணல் திணைக்களம். சிறு குளங்களும் வயல் நிலமும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. அரச காணியையும் பனை தறிக்கும் அனுமதியையும் பிரதேச செயலகம் பார்க்கிறது. வீதி, வடிகால், கட்டட அனுமதி, பொதுக் கிணறு ஆகியன பிரதேச சபையின் பொறுப்பு. இத்தனை அலுவலகங்களுக்குள் ஊர்மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்வது பிரதேச சபை ஒன்றை மட்டுமே. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய சபை அது.

ஆனால் அந்தச் சபையும் தொடர்ந்து உயிரோடிருக்கவில்லை. வடக்கில் 2011 ஜூலையிலும் 2018 பெப்ரவரியிலும் தேர்தல் நடந்தது. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் மாதத்தில் முடிந்தது. அடுத்த தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, செயலாளர்களே நிர்வகித்தார்கள். மணல் ஏற்றுகிறவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் ஓய்வுக் காலமாக இருக்கவில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. இடம்பெயர்ந்த குடும்பத்தின் பெயர் இன்று குடியிருக்கும் இடத்து வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. ஆகவே தீவகத்தில் காணி உள்ள பலருக்கு அங்கே வாக்கில்லை. அங்கே வாக்குள்ள பலருக்குக் கையளவு காணிதான் உண்டு. வாக்கில்லாதவர் சபையைக் கேட்பதில்லை. காணியில்லாதவருக்கு அடுத்தவர் காணியின் நிலத்தடி நீரைப்பற்றிப் பேசத் தயக்கம். ஊரின் தண்ணீர் இந்த இடைவெளிக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

மேலிருந்து வரும் பாதுகாப்பு

"அப்படியானால் அரசாங்கமே நிலத்தைப் பாதுகாக்கட்டுமே" என்று கேட்கலாம். நெடுந்தீவைப் பார்ப்போம். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கே வாழ்ந்துவரும் குதிரைகளையும் அவற்றின் மேய்ச்சல் நிலத்தையும் காப்பதற்காக, 2015 ஆம் ஆண்டில் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தீவின் முழுப் பரப்பே ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே அறிவித்தலில் திணைக்களத்தின் கைக்குப் போயிற்று. குதிரைகள் காக்கப்பட வேண்டியவைதான். அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் தேசியப் பூங்காவினுள் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்பது சட்டம். கல்வேலி கட்டி, மாடு மேய்த்து, பனை கொண்டு அந்த நிலத்தைப் பேணிய மக்கள் அதன் பாதுகாப்பில் பங்காளிகளாக வேண்டாமா? பிரகடனத்தினால் மட்டும் குதிரைக்குத் தண்ணீர் வந்துவிடவுமில்லை. வரட்சியில் அவை நீரின்றி மாண்ட செய்திகள் பின்னரும் வந்தன.

வேறு வழியும் உண்டு என்பதற்கு ஒரு சான்று ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. எக் என்பது அங்குள்ள ஒரு சிறு தீவு. அறுபது பேரளவில் வாழ்ந்த அந்தத் தீவு முழுவதும் ஊரில் இல்லாத ஒரு தனி உரிமையாளரின் கையிலிருந்து இன்னொருவரின் கைக்கு மாறிக்கொண்டே இருந்தது. 1997 ஜூன் 12 ஆம் திகதி தீவு பொது நம்பிக்கை நிதியம் ஒன்றின் சொத்தாயிற்று. ஊரவரின் சங்கமும் உள்ளூராட்சிச் சபையும் வனவிலங்கு காக்கும் அமைப்பொன்றும் அந்த நிதியத்தில் சேர்ந்திருந்தன. நிலத்தைக் காப்போரும் நிலத்தில் வாழ்வோரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள்.

எமது நிலைமை அதனோடு முழுதாக ஒத்ததல்ல. எமது ஊர்களில் இல்லாத உரிமையாளர் பிரபுக்கள் அல்லர். குண்டுக்குப் பயந்து ஓடிய கமக்காரர். எமது காணியை யாரும் வாங்கி ஊருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நாமே ஊரோடு சேர்ந்துகொண்டால் போதும். அந்த ஒரே மேசைதான் எமக்கும் வேண்டியது.

எழுத்தில் ஒரு நம்பிக்கை

காணியைச் சும்மா கிடக்க விடுவதற்கு எம்மிற் பலர் சொல்லும் காரணம் பயம். "செய்யக் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார்கள், பத்து வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்பார்கள்." இந்தப் பயம் வீணானதல்ல. போரினால் காணியை விட்டோடியவர்களின் நலன் கருதி 2016 ஆம் ஆண்டில் 5 ஆம் இலக்க விசேட சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்கீழ் வழக்கிட இரண்டு வருட அவகாசமே இருந்தது. அது கடந்துவிட்டது. ஆனால் பயத்துக்கு மருந்து காணியைப் பற்றைக்கு விடுவதல்ல. உரிமையாளரின் அனுமதியோடு, அவரது உரிமையை ஏற்றுக்கொண்டு காணி செய்கிறவர் அந்த அனுமதியை வைத்தே ஆட்சியுரிமை கோர முடியாது. ஆகவே நொத்தாரிசு முன்னிலையில் காலவரையறையோடு ஒரு குத்தகை உடன்படிக்கை எழுதிக்கொள்வோம். பெருந்தொகை கேட்க வேண்டாம். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது, வாய்க்காலை மூடாதிருப்பது, மணல் அள்ளவிடாமற் பார்ப்பது, ஆண்டுதோறும் பனம் விதை நாட்டுவது ஆகியவற்றையே குத்தகையின் நிபந்தனைகளாக எழுதலாம். காணி இல்லாத அயலவருக்குக் கமம் கிடைக்கும். எமது காணிக்குக் காவல் கிடைக்கும்.

பத்திரங்களைச் சீராக வைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதை 2025 காட்டியது. அவ்வாண்டு மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரும்படி கேட்டது. எதிர்ப்பு எழுந்து, ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அடுத்த அறிவித்தல் வரும்போதுதான் உறுதியைத் தேடுவது என்று இருக்கக் கூடாது. உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்திலிருந்து பிரதியை இப்போதே பெற்றுக்கொள்ள வேண்டும்.

விற்றேயாக வேண்டிய நிலையில் இருப்பவர்களும் எம்மிடையே உண்டு. பிள்ளையின் கலியாணம், கூரையில்லாத வீடு, வைத்தியச் செலவு எனக் காரணங்கள் உண்மையானவை. அவர்களைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆனால் பிரிபடாத பங்கை விற்கும்போது பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்பது எமது தேசவழமை. அந்தப் பழைய ஒழுங்கை ஒரு தடையாக எண்ணாமல் உதவியாக எண்ணுவோம். ஊரில் கமம் செய்யும் உறவினருக்கும் அயலவருக்கும் முதலில் கேட்கும் சந்தர்ப்பத்தைக் கொடுப்போம். காணியை விற்றாலும், மணலைத் தனியாக விற்க வேண்டாம்.

வேதாகமத்தில் நாபோத்தின் கதையை நாம் அறிவோம். அரண்மனைக்கு அருகிலிருந்த அவனுடைய திராட்சைத் தோட்டத்தைக் கீரைத் தோட்டமாக்க ஆகாப் அரசன் கேட்டான். நல்ல விலையும் சொன்னான். பிதாக்கள் வழிவந்த சொத்தென்று நாபோத் மறுத்தான். அவன் மறுத்தது விலை போதாது என்பதற்காக அல்ல. அந்த நிலம் முன்னிருந்தவர்களுக்கும் பின்வருபவர்களுக்கும் உரியது, தான் இடையில் நிற்கும் காவலாளி என்று அவன் எண்ணினான். தனித்து நின்றதால் அவன் உயிரிழந்தான் என்பதையும் மறக்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் அவனுக்குத் துணை நிற்கவில்லை. பொய்ச்சாட்சிக்குத் துணை போனார்கள். நிலத்தைக் காக்கிறவன் தனித்து நிற்கக் கூடாது என்ற பாடமும் அந்தக் கதையில் இருக்கிறது.

சபையிடம் கேட்க வேண்டியவை

2025 இல் தெரிவான சபைகளிடம் நாம் பெரிய காரியங்களைக் கேட்கவில்லை. வட்டாரந்தோறும் உள்ள கிணறு, துரவு, கேணி, குளம், வெள்ள வாய்க்கால் ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு எழுதுங்கள். மதிலுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி கொடுக்கும்போது அந்தப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மணல் அகழ்வு பற்றிய முறைப்பாடு உங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று திருப்பி அனுப்பாமல், உரிய திணைக்களத்துக்குச் சபையின் பெயரால் எழுதுங்கள். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. சுற்றாடல் பற்றிய குழுவில் கமக்காரர் அமைப்பிலிருந்தும் மாதர் சங்கத்திலிருந்தும் ஆட்களை எடுங்கள். குடிநீருக்குக் குடம் தூக்குகிறவர்கள் பெண்கள். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எம்மிடமும் நாம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரிலுள்ள கமக்காரர் அமைப்போடும் சனசமூக நிலையத்தோடும் தொடர்பை விடாதிருப்போம். எமது காணியின் பெயர், பரப்பு, கிணறு ஆகிய விபரங்களை அவர்களிடம் எழுதிக் கொடுப்போம். சபையின் பதிலுக்குக் காத்திருந்து அலுத்தால், 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்போம். அதற்கு அந்த ஊரில் வாக்கிருக்க வேண்டியதில்லை. திருவிழாவுக்கு ஊர் போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி, வாய்க்காலையும் கேணியையும் துப்புரவாக்கிவிட்டுத் திரும்புவோம்.

நாம் திரும்பிப் போவோமா, பிள்ளைகள் போவார்களா என்பதை இன்று சொல்ல முடியாது. ஆனால் போக விரும்புகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்குமா என்பது இப்போது நாம் செய்வதில்தான் தங்கியிருக்கிறது. ஐப்பசி மழை யாருக்காகவும் காத்திராது. அதற்கு முன் ஒரு வாய்க்காலாவது திறக்கப்பட வேண்டும்.