கசப்பு சர்க்கரையை முறிக்குமா?

தஞ்சைத் தரணியில் சாப்பாடு என்றாலே சோறுதான். அதற்குத் துணையாகச் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் பாகற்காய்ப் பொரியலும் இலையில் இடம்பெறும். “பாகற்காய் தின்றால் சர்க்கரை நோய் போய்விடும், கசப்பு இனிப்பை முறிக்கும்” என்று பெரியவர்கள் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதை அப்படியே ஏற்கலாகாது என்பதே என் கருத்து.

ஏன்? சுவை என்பது மருந்து அன்று. உடலுக்குக் கிடைக்கும் செய்தி. நாக்கின் சுவைமொட்டுகளில் இச்செய்தியைக் கடத்தும் ஒரு புரதத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் 1992ஆம் ஆண்டு கண்டறிந்தனர். அதன் பெயர் கஸ்ட்டியூசின். இனிப்பு, கசப்பு ஆகிய இரண்டுக்குமே இது தூதுவன். ஆக, இவ்விரு சுவைகளும் ஒன்றையொன்று அழிக்கும் பகைவர்கள் அல்ல!

இத்தூதுவனை உண்டாக்கும் ஜீன் நாக்கில் மட்டுமா வேலை செய்கிறது? இல்லை, குடலிலும் செய்கிறது. சோறு நாக்கில் அவ்வளவாக இனிப்பதில்லை. ஆனால் அதிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறுகிறது. உடனே குடற்சுவரின் சில செல்கள் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இந்த ஜீனை நீக்கிய சுண்டெலிகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்தபோது அந்த ஹார்மோன் சரிவரச் சுரக்கவில்லை என்பது 2007இல் தெரியவந்தது.

இன்னொரு வியப்பு! குடலில் ஒட்டுண்ணி புகுந்தால் நோய் எதிர்ப்பு மண்டலத்தை எழுப்பிவிடும் காவற்காரச் செல்கள் உண்டு. அவையும் இதே சுவைத் தூதைப் பயன்படுத்துவதைச் சுண்டெலிகளில் 2016இல் கண்டனர். சுண்டெலியில் கண்டதெல்லாம் மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எனினும், சுவை நாக்கோடு முடிந்துவிடுவதில்லை என்பது தெளிவு.

அப்படியானால் பாகற்காய்? அது நல்ல காய், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது நீரிழிவைக் கட்டுப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே, அதுவரை நடந்த சோதனைகளை 2012இல் தொகுத்து ஆராய்ந்த அறிஞர்கள் கூறினர். இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஒருவர் உங்கள் தாத்தாவாகவும் இருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாற்றை மட்டும் நம்பினால் கண்ணும் சிறுநீரகமும் கெடக்கூடும். “டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள், தாத்தா” என்று அன்போடு சொல்லுங்கள்.

பழமொழி போல் ஒலிப்பதெல்லாம் உண்மையாகிவிடாது. “சான்று என்ன?” என்று கேட்பதே விஞ்ஞானம் படிக்கும் மாணவருக்கு அழகு!