கற்க! உண்க! காண்க!

உடல் நலம்பெற எதை உண்ணலாம், எந்நூலைக் கற்கலாம், எதைக் காணலாம் என்று ஒருவர்க்கொருவர் பரிந்துரைப்பது இந்நாளில் எங்கணும் பெருகியுள்ளது. அது நல்லதே. ஆயினும், அப் பரிந்துரைகளுட் பல, வாங்குவோர் உடலைவிட விற்போர் பையையே வளர்ப்பன. அயற்பெயர் சூட்டிய மாவும் புட்டியில் அடைத்த இனிப்புநீரும் மருந்தெனவே விலைபோகின்றன. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை, புகையிலும் சாம்பலிலும் உழைத்துண்ணும் தமிழ்மக்களுக்கு உண்மையாகவே பயன்படுவன எவை? அவற்றைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

முதலில் கற்க வேண்டியவை. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகளை மொழிக்காவலர் என்றே பலரும் அறிவர். அவர் உடல்நல ஆசிரியருமாவார் என்பதை அறிந்தோர் சிலரே. ‘பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்’ என்னும் நூலும், 1933இல் வெளிவந்த ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ என்னும் நூலும் ஒவ்வொரு தமிழர் இல்லத்திலும் இருக்கத்தக்கன. வேதாசலம் என்னும் பெயரோடிருந்த இளமை நாளில், தம்மை வாட்டிய நோய் நீங்க வேண்டி அவர் பாடியதே, 1900இல் வெளிவந்த ‘திருவொற்றி முருகர் மும்மணிக்கோவை’. தனித்தமிழ்த் தந்தையின் நோயும் நலமும் வடசென்னை மண்ணோடு தொடர்புடையன என்பதை இங்குள்ள இளைஞர் உணர்தல் வேண்டும்.

அந்நூல்களோடு திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ம் கற்கத் தக்கது. முன்னுண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின் அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டா என்பது வள்ளுவர் முடிபு. இரவு முறைவேலை முடித்துப் பசிக்குமுன் உண்பாரும், பசி கெட்டபின் உண்பாரும் நிறைந்த ஆலைத் தெருக்களில் இக்கருத்து ஒவ்வொரு சுவரிலும் எழுதப்பெற வேண்டும்.

அடுத்து, உண்ண வேண்டியவை. ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து, திருவொற்றியூர்க்கு நடந்தே வந்து வழிபட்ட வள்ளலார், கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை ஆகிய மூன்று இலைகளையும் சீரகத்தோடு சேர்த்துக் கொள்ளுமாறு அறிவுறுத்தினார். இவை தமிழ் மருத்துவத்தின் எளிய செல்வங்கள். காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், மாலையில் சுக்குநீரும் போதும், புட்டிநீர் வேண்டா. ஆனால், இலைச்சாற்றை நம்பி நெஞ்சுநோயையும் மூச்சிரைப்பையும் வளரவிடுதல் அறிவுடைமை ஆகாது. இசுடான்லி அரசு மருத்துவமனை இராயபுரத்தின் வாயிலிலேயே உள்ளது. உரிய நேரத்தில் அங்குச் செல்வதும் மருந்துண்பதே.

அடிகளாரும் வள்ளலாரும் புலால் மறுத்தவர்கள். காசிமேட்டில் பிறந்த மீனவர் பிள்ளைக்கோ மத்தியும் நெத்திலியும் தாய்வழி உணவு. எளிய விலையில் உடலுக்கு உரம் ஊட்டுவன. எனவே அப் பெரியோரிடமிருந்து அளவையும் தூய்மையையும் ஒழுங்கையும் மீனவர் கற்கலாம். தம் உணவைக் குறித்து நாணத் தேவையில்லை. நாண வேண்டியவர் அம்மீன் வாழும் நீரைக் கெடுத்தவரே.

காண வேண்டியவை இரண்டு. ஒன்று, பா. இரஞ்சித்து இயக்கி 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’. பெயரில் வடசொல் இருப்பினும், கதை வடசென்னைக் குத்துச்சண்டைக் குடிகளின் கதை. களத்தில் வென்ற ஒருவன் குடியால் உடல் தளர்ந்து வீழ்வதையும், கடுமையான பயிற்சியால் மீண்டெழுவதையும் அது காட்டுகிறது. குடிப்பழக்கத்திற்கு எதிரான நூறு மேடைப்பேச்சு செய்யாததை அப்படம் செய்யவல்லது.

மற்றொன்று, 2017இல் வெளிவந்த ‘பொறம்போக்கு’ப் பாடற்காணொளி. கபேர் வாசுகி எழுதிய பாடலை டி.எம். கிருட்டிணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடுகிறார். சென்னைப் பேச்சுத்தமிழில் அமைந்ததென்று தூயதமிழர் அதனை ஒதுக்கிவிடலாகாது. புறம்போக்கு என்பது தூய தமிழ்ச்சொல். வரிக்குப் புறமாக விடப்பெற்ற நீர்நிலையும் மேய்ச்சல்நிலமும் சுடுகாடும் ஊர்ப்பொது என்பதே அதன் பொருள். அந்தச் சொல் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது. அந்த நிலமும் எவரும் எதனையும் கொட்டும் குப்பைமேடாகத் தாழ்ந்தது. சொல் கெட்டால் நிலமும் கெடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அவ்வாறு கெட்டதன் விளைவைக் கொற்றலையாறு காட்டும். அனல்மின் நிலையத்தின் சாம்பற் குழாய்கள் கசிந்து ஆற்றில் சாம்பல் படிந்தது. 2023 திசம்பரில், புயல்மழை வெள்ளத்தோடு மணலியிலிருந்து கச்சா எண்ணெய் பரவிக் கழிமுகத்தை மூடியது. மீனவர் வாளியும் குவளையும் கொண்டு அதனை அள்ளினர். அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அமோனியா என்னும் நச்சுவளி கசிய, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுமுட்டி வீட்டைவிட்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றனர். அந்த இரவில் கூழும் தூதுவளையும் என்ன செய்யும்?

அந்நேரத்திற்கு வேண்டிய மருந்து அறிவு. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுதல், காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுதல், கண்ணையும் தோலையும் நிறைந்த நீரால் கழுவுதல் ஆகியன சிறு குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். எவ்வாலை எந்நச்சை வைத்திருக்கிறது, சங்கு ஊதினால் எவ்வழி செல்வது என்பதை ஒவ்வோர் ஆலையும் தன் வாயிலில் எளிய தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பெறும் எச்சரிக்கை, அதைப் படிக்கவியலாத மீனவப் பெண்ணுக்கு எச்சரிக்கையே அன்று. தமிழ் ஆட்சிமொழியாதல் என்பது கோப்புக்கு மட்டும் உரியதன்று. அது மூச்சுக்கும் உரியது.

ஆகவே, கற்க வேண்டியவற்றைக் கற்க. உண்ண வேண்டியவற்றை அளவோடு உண்க. காண வேண்டியவற்றைக் குடும்பத்தோடு காண்க. அதன்பின் தெருவில் இறங்கி, தூய காற்றையும் தூய நீரையும் தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகையையும் உரிமையோடு கேட்க. நோயின் வேரை அறியாது இலையை மட்டும் கிள்ளுவது மருத்துவமாகாது. புறம்போக்கு ஊர்ப்பொதுவாக மீளும் நாளே வடசென்னை நலம்பெறும் நாள்!